வேட்பாளரிடம் ஒரே வினா

தேர்தல் நெருங்கினால் வேட்பாளர் நம்மை நாடி வருவதே நாம் கண்ட வழக்கம். பொன்னாடை போர்த்துகிறோம், தேநீர் அருந்துகிறார், விடைபெறுகிறார். இம்முறையைத் தலைகீழாக்கி, வேட்பாளரைத் தம் அவைக்கு வரவழைத்து வினவிய மக்கள் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் உள்ளனர். அவர்தம் முறையை ஈண்டு விளக்க விழைகிறோம்.

1996ஆம் ஆண்டு அங்குள்ள பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம், தொழிற்சங்கம் எனப் பலவும் இணைந்து 'டெல்கோ' என்னும் கூட்டமைப்பைக் கண்டன. பின்னர் நகரெங்கும் பரவிய அவ்வமைப்பில் கிழக்கு இலண்டன் பள்ளிவாசலும் முக்கிய உறுப்பாயிற்று. இதற்கு வித்திட்டவர் அமெரிக்கரான சால் அலின்ஸ்கி. 1939இல் சிகாகோ நகரின் இறைச்சிக்கூடத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் இப்பணியைத் தொடங்கினார்.

பணி மேடையில் தொடங்குவதில்லை, செவிமடுப்பதில் தொடங்குகிறது. உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் தனித்தமர்ந்து, "உம்மை வருத்துவது எது?" என வினவுகின்றனர். 2001ஆம் ஆண்டளவில் பெற்றோர் பலர் ஒன்றையே கூறினர்: இரண்டு வேலை பார்த்தும் வருவாய் போதவில்லை, பிள்ளைகளின் முகம் காண நேரமுமில்லை. 1999 முதல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நடைமுறையில் இருந்தும் இந்நிலை! 'வாழப் போதுமான ஊதியம்' என்னும் கோரிக்கை இவ்வாறே பிறந்தது.

தேர்தல் அவையில் முதலில் பேசுவோர் துன்புற்றவர்களே. அதன்பின், மேயர் பதவிக்குப் போட்டியிடும் முதன்மை வேட்பாளர் அனைவரிடமும் ஒரே கோரிக்கை வைக்கப்படுகிறது: ஏற்பீரா, மாட்டீரா? நீண்ட சொற்பொழிவுக்கு அங்கே இடமில்லை. நேரத்தைக் கணக்கிடுவோரும் உறுப்பினரே. (நம் மேடைகளுக்கும் இத்தகையோர் சிலர் தேவை!)

எவருக்கு வாக்களிப்பது என அவை கூறுவதில்லை. அறநிலையங்கள் கட்சி சாரலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். இதனைக் குறையெனக் கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒருவரையே நம்பியிருந்தால் அவர் தோற்றதும் கோரிக்கையும் தோற்றிருக்கும். 2005இல் மேயர் கென் லிவிங்ஸ்டன் காலத்தில், வாழப் போதுமான ஊதியம் மணிக்கு 6.70 பவுன் எனக் கணக்கிடப்பட்டது. சட்டப்படியான குறைந்தபட்சமோ அப்போது 4.85 பவுன்தான். 2008 தேர்தலுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய அவையில் லிவிங்ஸ்டனும் எதிர்க்கட்சியினரான போரிஸ் ஜான்சனும் தோன்றினர். லிவிங்ஸ்டன் தோற்றார், ஊதியத் திட்டம் தோற்கவில்லை. ஜான்சனும் அதனைத் தொடர்ந்தார். 2016இல் சாதிக் கானும் சாக் கோல்ட்ஸ்மித்தும் வந்த அவையில் ஏறத்தாழ 6,000 பேர் திரண்டனர்.

உறுதிமொழியைப் பெற்றதும் கடமை முடிந்ததென அவர்கள் கலைந்து செல்வதில்லை. வென்றவரை மீண்டும் சந்தித்து, சொன்னது நடந்ததா எனக் கணக்குக் கேட்கின்றனர். கேட்பதற்குக் காரணமும் உண்டு. 2016இல் அரசு தன் சட்ட ஊதியத்திற்கு அதே பெயரைச் சூட்டிக்கொண்டது. தொகை மட்டும் குறைவு. அவர்கள் கோரிய ஊதியத்தை இன்றும் விரும்பி ஏற்ற நிறுவனங்களே வழங்குகின்றன.