கண் திறந்த சவாசனம்

எங்கள் வீட்டு முற்றத்தில் நடக்கும் யோகா வகுப்பில் "கண்ணை மூடுங்கோ" என்று நான் சொல்வதில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். சவாசனம் என்றால் அப்படித்தான் என்று படித்திருந்தேன். ஏழு பேர் பாயில் மல்லாந்து கிடந்தார்கள். இரண்டு நிமிடம் போயிருக்காது, ஓர் அம்மா பதறி எழும்பினார். "பிள்ளை, பங்கருக்குள்ள படுத்த மாதிரிக் கிடக்கு." அதற்குப் பிறகு அன்றைக்கு ஒருவரும் படுக்கவில்லை.

எங்கள் முள்ளிவாய்க்கால் மண் அப்படி. ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல், நடுவில் ஒடுங்கிய மணல். 2009 மே நடுப்பகுதியில் போர் முடியும்வரை செல்லுக்குப் பயந்து இந்த மணலைத் தோண்டி அதற்குள் படுத்திருந்த சனம் நாங்கள். என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனதும் இங்கேதான். நிலத்தில் முகம் படப் படுத்தால் உடம்பு தானாகவே அந்த நாட்களுக்குப் போய்விடும்.

ஆனால் கால் இழந்தவர் குப்புறப் படுத்தே ஆகவேண்டும். நாள் முழுக்கக் கதிரையில் இருந்தால் இடுப்பின் முன்பக்கத் தசை சுருங்கிவிடும். பிறகு தொடை நேராக நீளாது; பொய்க்காலைப் பூட்டினாலும் நிமிர்ந்து நடக்கக் கஷ்டம். அதனால்தான் இயன்மருத்துவர்கள் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள். யோகத்தில் மகராசனம் என்பதும் ஏறக்குறைய அதே நிலைதான். உடம்புக்குத் தேவையான நிலையே பயம் தரும் நிலையாகவும் இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விதான் என்னை மறுபடி படிக்க வைத்தது.

யோகா என்றதும் காலைத் தலைக்குப் பின்னால் மடக்கும் படம்தான் பலருக்கு நினைவு வரும். யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரின் 1966ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அப்படியான படங்கள் நிறைய உண்டு. அதே ஐயங்கார்தான் கதிரை, பெல்ட், மரக்கட்டை, சுவரில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்தவர். சிறுவயதில் மலேரியாவும் காசநோயும் வாட்டிய உடம்பு அவருடையது. அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் ஆளைப் பார்த்து, ஆளுக்கேற்றபடி தனித்தனியாகப் பயிற்சி வகுத்துக் கொடுத்தார். அமெரிக்காவில் மத்யூ சான்ஃபோர்ட் என்பவர் 1978இல், தன் 13ஆவது வயதில், கார் விபத்தில் நெஞ்சுக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே யோகா ஆசிரியரானார். அவரைப் பற்றி வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இப்போது நாங்கள் கதிரையில் தொடங்குகிறோம். கைப்பிடி இல்லாத கதிரை நல்லது. மணலில் அதன் கால் புதையும், ஆகவே அடியில் பலகை போடுவோம். பெல்ட்டுக்குப் பதில் பழைய நூல்சேலை. கை எட்டாதவர் அதைப் பாதத்தில் மாட்டி இழுப்பார். பாதம் இல்லாதவர் தொடையில் மாட்டுவார். பார்வை இல்லாத தம்பி ஒருவர் வருகிறார். அவருக்காக ஒவ்வோர் அசைவையும் வாயால் சொல்லப் பழகினேன். எல்லாருக்கும் அது உதவியது. மூச்சை மூன்று எண்ணி இழுத்து ஐந்து எண்ணி விடுகிறோம். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாகும். இல்லாத கால் குத்துகிற இரவுகளில் நான் இதைத்தான் செய்கிறேன். வலி போகாது, ஆனால் விடியும்வரை தாங்க முடிகிறது.

சேர நினைப்பவர்கள், உடம்புக்குள் செல் துண்டு இருந்தாலோ, முள்ளந்தண்டில் காயமோ பிரசரோ இருந்தாலோ முதலில் வைத்தியரைக் கேளுங்கள். கற்பிப்பவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். உணர்வில்லாத இடத்தில் தோல் உரசிப் புண்ணானால் தெரியாது. வகுப்பு முடிந்ததும் பார்க்கவேண்டும். கேட்காமல் உடம்பில் கைவைக்கும் ஆசிரியரிடம் போகாதீர்கள்.

பங்கர் நினைவு வந்த அந்த அம்மாவுக்குத் தொடையோடு கால் இல்லை. குப்புறப் படுக்கவேண்டியவர்களில் முதல் ஆள் அவர்தான். ஒரு மாதம் வராமல் இருந்துவிட்டுத் திரும்ப வந்தார். நிலம் வேண்டாம் என்று கட்டிலை வேப்பமரத்தடிக்கு இழுத்தோம். தலையைத் திருப்பிப் படலையைப் பார்த்தபடி, கண் திறந்தபடி, முதல் நாள் ஒரு நிமிடம் படுத்தார். போன கிழமை பத்து நிமிடம் தாண்டியும் அவர் எழும்பவில்லை. அயல்வீட்டு ஆடு படலைக்குள் நுழைந்து என் கத்தரிக்கன்றில் வாய் வைத்ததைக் கண்டு, "பிள்ளை, ஆடு! ஆடு!" என்று படுத்த இடத்திலிருந்தே கையைக் காட்டினார்.