மணலுக்குள் வாழும் நீர்க்கரடிகள்

பழவேற்காட்டுக் கடற்கரையில் ஒரு பிடி ஈரமணலை அள்ளிப் பார்த்தால், மணலைத் தவிர வேறொன்றும் நம் கண்ணுக்குத் தென்படுவதில்லை. ஆயினும், மணல்துகள்களுக்கு இடையே நீர் நிறைந்துள்ள நுண்ணிய சந்துகளில் எண்ணற்ற முதுகெலும்பற்ற உயிரிகள் குடியிருக்கின்றன. உலகெங்கும் இவற்றுள் பலவற்றிற்கு இன்னும் பெயர்கூட இல்லை.

புதிய உயிரினம் என்றதும் எட்டாத இடங்களே நம் நினைவுக்கு வருகின்றன. 1979ஆம் ஆண்டில் பகாமாத் தீவுகளில், நீரில் மூழ்கிய குகையொன்றில் ஜில் யாகர் என்ற அம்மையார் ஓர் உயிரியைக் கண்டார். இறால், நண்டு ஆகியவை அடங்கிய ஓட்டுடலிகளில் அதற்கெனவே 1981இல் ஒரு புதிய வகுப்பு ஏற்படுத்தப்பட்டது. ஆனால், குகைகளைத் தேடித்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. இதை நமது மண்டபம் கடற்கரை மெய்ப்பித்துள்ளது.

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஷ்ணுதத்தன், பிஜோய் நந்தன் ஆகியோரின் ஆய்வில் அங்கே இரண்டு புதிய நீர்க்கரடி இனங்கள் கண்டறியப்பட்டன. 2023இல் அறிவிக்கப்பட்டது 'பாட்டிலிப்பெஸ் கலாமி'. பாம்பனுக்கு அப்பால் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. 2025இல் அறிவிக்கப்பட்ட 'பாட்டிலிப்பெஸ் சந்திரயானி', சந்திரயான்-3 கலத்தின் நினைவாகப் பெயர் பெற்றது. கலாமியின் நீளம் 0.17 மி.மீ.; ஆறு கலாமிகள் வரிசையாக நின்றால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும்!

இப்பேரின உயிரிகள் தம் கால்விரல் நுனியிலுள்ள வட்டத்தட்டுகளால் மணல்துகளை இறுகப் பற்றிக்கொள்கின்றன. மணலை நன்னீரில் இட்டால், உப்பின் அளவு திடீரெனக் குறைவதால் அவை அதிர்ச்சியுற்றுப் பிடியை விடுகின்றன. உடனே கலக்கி, மேல்நீரை நுண்சல்லடையில் வடிகட்டி அவற்றைப் பிரித்தெடுக்கலாம்.

அடுத்து வருவது இயற்பியலின் பங்கு. நீர்க்கரடியின் உடல் பெரும்பாலும் ஒளிபுகும் தன்மையுடையது. சாதாரண நுண்ணோக்கியில் அதன் உருவம் மங்கலாகத் தெரியுமேயன்றி, நுண்ணிய உறுப்புகள் தெளிவாகத் தெரிவதில்லை. எனினும், உடலின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள நீர்மத்தினின்று சற்று வேறுபடுவதால், உடலினூடே வரும் ஒளியலை சிறிது பின்தங்குகிறது. நம் கண்ணால் உணர முடியாத இந்தக் கட்ட வேறுபாட்டை, ஒளியும் நிழலுமாக மாற்றிக் காட்டுவதே கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி. இதற்காக டச்சு அறிஞர் ஃபிரிட்ஸ் செர்னிகே 1953இல் நோபல் பரிசு பெற்றார்.

காண்பது மட்டும் கண்டுபிடிப்பு ஆகிவிடாது. விரல்களின் நீளம், உணர்முட்களின் வடிவம், வால்முனையின் அமைப்பு ஆகியவற்றை அளந்து, முன்பே அறியப்பட்ட இனங்களுடன் ஒப்பிட வேண்டும். சான்றாக ஒரு மாதிரியைப் பாதுகாத்து, விளக்கத்தையும் படத்தையும் வெளியிட வேண்டும். அதன் பின்னரே புதிய இனம் என அறிவியல் ஏற்கும்.

பெயரிடுவதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். துறைமுகங்களாலும் ஆலைக் கழிவுகளாலும் நம் கடற்கரைகள் மாறி வருகின்றன. மணலோடு ஓர் உயிரினம் அழிந்தால், அதற்குப் பெயரும் விளக்கமும் இருந்தால்தான் எதை இழந்தோம் என்றாவது கூற முடியும். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பகுதி மாணவர்களுக்குப் பழவேற்காடு தொலைவிலில்லை. ஒரு பிடி மணல், ஒரு சல்லடை, கல்லூரியிலுள்ள ஒரு நுண்ணோக்கி ஆகியவை இருந்தால் தேடலைத் தொடங்கலாம்.