விலை குறைந்தது, கூச்சம் குறையவில்லை

மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரை வாங்கினால் அப்படியே கையில் தருவார்கள். ஆணுறை வாங்கினால் கேட்காமலேயே கருப்பு கவர் வரும். செஞ்சி போன்ற சிற்றூரில் இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் சொந்தக்காரராகவோ பக்கத்துத் தெருக்காரராகவோ இருப்பார். கடையில் தெரிந்த முகம் ஒன்று நின்றுவிட்டால், ஆணுறை வாங்க வந்தவர் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்.

அந்த ஆணுறைப் பாக்கெட்டைச் சிற்றூர்க் கடைவரை கொண்டுவர அரசும் உலக அமைப்புகளும் அரை நூற்றாண்டுக்கு மேல் பணம் செலவழித்திருக்கின்றன. விலை குறைந்தது, சரக்கும் வந்து சேர்ந்தது. கல்லாவுக்கும் வாங்குபவருக்கும் நடுவே உள்ள அந்த இரண்டடியை மட்டும் எந்த நிதியுதவியாலும் கடக்க முடியவில்லை. அதைக் கடக்க வேண்டியவர்கள் நாம்தான்.

தேயிலை வண்டியில் வந்த நிரோத்

1960-களில் ஆணுறை பெருநகர மருந்துக்கடைகளில் மட்டுமே கிடைத்த, விலை கூடிய பொருள். அதை ஏழைகளிடம் கொண்டுசேர்க்கும் திட்டம் ஒன்று 1964-ல் கொல்கத்தாவின் இந்திய மேலாண்மை நிறுவனத்தில் உருவானது. அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை அதற்குத் துணை நின்றது. 1968-ல் 'நிரோத்' ஆணுறை விற்பனைக்கு வந்தது. மூன்று ஆணுறை கொண்ட பாக்கெட் 15 காசு. அடக்கவிலைக்கும் விற்பனை விலைக்கும் இடையிலான பணத்தை அரசு ஏற்றுக்கொண்டது.

ஊர் ஊராகக் கொண்டுபோகும் வேலையை புரூக் பாண்ட், லிப்டன், இந்துஸ்தான் லீவர், ஐ.டி.சி., டாட்டா ஆயில் மில்ஸ், யூனியன் கார்பைடு ஆகிய கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. தேயிலை, சோப்பு, சிகரெட், டார்ச் பேட்டரி இறக்கும் அதே வண்டியில் நிரோத்தும் இறங்கியது. பெட்டிக்கடைக்காரருக்கு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கமிஷன் உண்டு என்பதால், அவர் அதைக் கண்ணில் படும் இடத்தில் வைத்தார். தொடக்கத்தில் சரக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. 1969-ல் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் லேடெக்ஸ், ஜப்பானியத் தொழில்நுட்பத்துடன் உற்பத்தியைத் தொடங்கியது.

ஒரு பொதுநலப் பொருளைச் சலுகை விலையில், வணிகர்களின் வழியாகவே மக்களிடம் சேர்க்கும் இந்த முறைக்குச் 'சமூகச் சந்தைப்படுத்தல்' என்று பெயர். ஆணுறைக்கு நாடு தழுவிய அளவில் அதை முதலில் செய்துகாட்டியது இந்தியா. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகள் பின்னர் இதே வழியில் நடந்தன.

வெளிநாட்டு நிதி வந்த காலம்

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன்பிறகு ஆணுறை குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனமாக மட்டும் இருக்கவில்லை, உயிர்காக்கும் சாதனமும் ஆயிற்று. 1992-ல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு உலக வங்கி 8.4 கோடி டாலர் கடன் கொடுத்தது. 1995-ல் அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்டு நிதியில், சென்னை வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவ நிறுவனம் 'ஏபேக்' எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தைத் தமிழ்நாட்டில் நடத்தத் தொடங்கியது. 2003-ல் கேட்ஸ் அறக்கட்டளையின் 'அவஹான்' எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் வந்தது. தமிழ்நாடு உள்பட ஆறு மாநிலங்களில் அதன் முதல் கட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 25.8 கோடி டாலர்.

இந்தத் திட்டங்களில், லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழிலாளர்கள், திருநங்கையர் என ஆபத்து அதிகமுள்ள மக்களிடம் அவர்களில் ஒருவரையே ஊழியராக அனுப்பிப் பேசவைத்தார்கள். லாரி நிற்கும் தாபாவிலும் டீக்கடையிலும் ஆணுறை வைத்தார்கள். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரக் கேள்வி பஸ் ஸ்டாண்டுச் சுவர்வரை வந்து, எல்லோரையும் அதைப் பற்றிப் பேசவைத்தது. 2001-ல் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடம் ஒரு சதவீதத்துக்கு மேல் காணப்பட்ட எச்.ஐ.வி. தொற்று, பின்வந்த ஆண்டுகளில் கால் சதவீதத்தை ஒட்டி இறங்கியது. மருத்துவப் பரிசோதனை, சிகிச்சை, ஆணுறை, வெளிப்படையான பேச்சு ஆகிய நான்கும் சேர்ந்து கொடுத்த பலன் அது.

இலவசமாகத் தரலாமா, விற்கலாமா?

சும்மா கொடுத்தால் மதிப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். ஏழையிடம் எதற்குக் காசு வாங்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. சிறு விலை வைத்தால் கடைக்காரருக்கு லாபம் கிடைக்கும், சரக்கு தீர்ந்ததும் அவரே மறுபடி வாங்கி வைப்பார். ஆனால் விலை கூடினால் விற்பனை சரியும். சமூகச் சந்தைப்படுத்தல் முன்னோடிகளில் ஒருவரான ஃபில் ஹார்வி, பல நாடுகளின் விற்பனைக் கணக்கை ஒப்பிட்டு 1994-ல் ஒரு வரம்பு சொன்னார்: ஓராண்டுக்குத் தேவையான ஆணுறைகளின் விலை, அந்த நாட்டின் தனிநபர் வருமானத்தில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே வசதியுள்ளவர் கடையில் வாங்கட்டும், இயலாதவருக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கட்டும். இரண்டு வழியும் திறந்திருக்க வேண்டும்.

நிதி நின்றால் என்ன ஆகும்?

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு நிதியுதவியை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூலையில் யு.எஸ்.எய்டு அமைப்பே மூடப்பட்டது. அந்த உதவியை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. தடுப்புப் பணிகள் தள்ளாடின. இந்தியாவுக்கு அந்த அதிர்ச்சி குறைவு. ஏபேக், அவஹான் பணிகள் முடிவதற்குள் அரசே பொறுப்பை வாங்கிக்கொண்டது. 2021-ல் தொடங்கிய ஐந்தாம் கட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு மத்திய அரசு 15,471.94 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆணுறைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பிறர் பணத்தில் தொடங்கிய வேலையைச் சொந்தக் காலில் நிறுத்தியது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் சுவர் விளம்பரம் மறைந்து, பேச்சும் ஓய்ந்துவிட்டது. புள்ளிராஜாவை அறியாத ஒரு தலைமுறை இன்று கல்லூரியில் படிக்கிறது.

செஞ்சியில் ஏன் பேச வேண்டும்?

திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை செஞ்சி வழியாகச் செல்கிறது. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டைகள் வந்து குவியும், லோடு ஏற்ற லாரிகள் காத்துக் கிடக்கும். வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்வரும் இளைஞர்கள் ஏராளம். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, இனி வெளியூர்க் கூட்டமும் கூடும். ஆட்கள் வந்துபோகும் எந்த ஊருக்கும் பாதுகாப்பு பற்றிய பேச்சு தேவை. அதனால் ஊருக்கு எந்த அவப்பெயரும் வராது.

வீட்டுக்குள்ளும் இந்தப் பேச்சு தேவை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை சிகிச்சையை நம்பியிருக்கிறார்கள். ஆண்கள் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சை ஒரு சதவீதம்கூட இல்லை. குழந்தை பெறுவதும் பெண், கத்தியை ஏற்பதும் பெண் என்றால் ஆணின் பங்கு என்ன? முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி விட, பெரிய பக்கவிளைவு இன்றி ஆண் ஏற்கக்கூடிய எளிய பொறுப்பு ஆணுறை.

சரியாகப் பயன்படுத்த

* பாக்கெட்டில் காலாவதித் தேதி பாருங்கள். அழுத்திப் பார்த்தால் உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும்.
* பர்ஸ், பைக் பெட்டி, லாரி கேபின் போன்ற வெப்பமான இடங்களில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். சூட்டில் ரப்பர் நைந்துவிடும்.
* பல்லாலோ கத்தரியாலோ பிரிக்காதீர்கள்.
* உறவு தொடங்கும் முன்பே அணியுங்கள். நுனியைக் கிள்ளிக் காற்றை நீக்கிவிட்டு, அடிவரை உருட்டி விடுங்கள்.
* தேங்காய் எண்ணெய், வாசலின் தடவக் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும். தண்ணீர் சார்ந்த ஜெல் போதும்.
* முடிந்ததும் அடிப்பகுதியைப் பிடித்தபடி வெளியே எடுங்கள். தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். ஒருமுறைக்கு ஒன்றுதான்.

ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் கருத்தரிப்பைத் தடுப்பதில் ஆணுறை 98 சதவீதம் பலன் தரும். நடைமுறையில் அது 87 சதவீதம் அளவுக்குக் குறைவதற்குக் காரணம், விட்டுவிட்டுப் பயன்படுத்துவதும் தவறாக அணிவதும்தான். கிழிந்துவிட்டால் பதற வேண்டாம். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையையும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

யாரிடம் கேட்பது?

அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மையம்' எச்.ஐ.வி. பரிசோதனையை இலவசமாகச் செய்கிறது. பால்வினை நோய்களுக்குச் 'சுகவாழ்வு மையம்' இருக்கிறது. பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும், முடிவை ரகசியமாகக் காக்க வேண்டும் என்பது 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். நேரில் போகத் தயங்குபவர்கள் 1097 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம்.

மருந்துக்கடை நடத்தும் அண்ணன்மார்களே, ஆணுறையைக் கண்ணுக்குத் தெரியும் தட்டில் வையுங்கள், கேட்பவரை ஏற இறங்கப் பார்க்காதீர்கள். கல்லூரி ஆசிரியர்களே, எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கக் கூட்டத்தை ஒருநாள் சம்பிரதாயமாக முடித்துவிடாதீர்கள். கணவன்மார்களே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது பெயர் சொல்லியே கேளுங்கள். ஒருவர் சாதாரணமாகக் கேட்டு வாங்கினால், அடுத்து வருபவருக்குப் பாதித் தயக்கம் போய்விடும்.