ஸ்பிரிங்கைத் தொடும் முன் எக்ஸெல்லைத் திறங்கள்!

பைக்கின் ஷாக் அப்சார்பருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இரண்டையும் வீட்டிலேயே கழற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் நம்மில் நிறையப் பேர். இரண்டிலும் ஆபத்து ஒன்றேதான்: நிறுத்திய பிறகும் உள்ளே தேங்கி நிற்கும் சக்தி.

கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கும் மேல் சிறிது நேரம் தங்கியிருக்கலாம். ஷாக் அப்சார்பரில் சக்தியைப் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங். வண்டியிலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தாலும் அது அமுங்கிய நிலையில்தான் இருக்கும்.

என் பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் ஆயில் கசிந்தது. வீட்டில் பிரிக்கலாம் என்று நினைத்து, முதலில் எக்ஸெல்லைத் திறந்தேன்.

எக்ஸெல் கணக்கு

ஸ்பிரிங் கம்பியின் தடிமன் 8 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 50 மி.மீ., இரு முனைச் சுற்றுகளையும் விட்டுவிட்டு மீதி 12 சுற்றுகள் என்று வைத்துக் கொள்வோம். ஒரு கட்டத்தில் இப்படி டைப் செய்யுங்கள்:

=79000*8^4/(8*50^3*12)

79000 என்பது ஸ்டீலின் விறைப்பைக் குறிக்கும் எண். விடை சுமார் 27. அதாவது 1 மி.மீ. அமுக்க 27 நியூட்டன் விசை வேண்டும். லாக்கை எடுக்கும்போது ஸ்பிரிங் மொத்தம் 35 மி.மீ. அமுங்கியிருக்கும் என்றால், அடுத்த கட்டத்தில்:

=27*35/9.81

விடை சுமார் 96 கிலோ! இது தோராயக் கணக்குதான். ஆனால் வாட்டசாட்டமான ஓர் ஆளின் எடையை ஒரு சிறிய லாக் தடுத்து நிற்கிறது என்பது புரிந்துவிடும். காலால் மிதித்துக் கொண்டே லாக்கை எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். கால் வழுக்கினால் ஸ்பிரிங் முகத்தை நோக்கிப் பாயும்.

வீட்டில் எதுவரை செய்யலாம்?

1. சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் சக்கரத்தைத் தாங்கிக் கொள்ளும்.

2. ஸ்பிரிங் அட்ஜஸ்டரை மிகவும் மென்மையான படிக்குத் திருப்புங்கள். அமுக்கம் ஓரளவு குறையும்.

3. ஒவ்வொரு நட்டையும் வாஷரையும் எடுக்கும் முன் செல்போனில் போட்டோ எடுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட்டு 01, 02 என்று பெயர் கொடுங்கள். மாட்டும்போது கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். எது எங்கே என்ற குழப்பமே வராது.

4. ஸ்பிரிங்கைப் பிரிக்க, அதற்கென உள்ள ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவி அவசியம். எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ள இரு திருகுகளையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஸ்பிரிங்கின் நேர்க்கோட்டில் முகம் இருக்கக் கூடாது.

5. ஸ்பிரிங் வெளியே வந்தபின் தண்டை உள்ளே தள்ளிப் பாருங்கள். மெதுவாக, எதிர்ப்புடன் போனால் நல்லது. தடையின்றிப் போனால் ஆயில் போய்விட்டது.

என்னிடம் அந்தக் கருவி இல்லை. மூன்றாவது படியோடு நிறுத்தி, கழற்றியதை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனேன். மெக்கானிக் பிரஸ்ஸில் வைத்துச் சில நிமிடங்களில் பிரித்துக் கொடுத்தார்.

இதைத் திறக்காதீர்கள்

பக்கத்தில் சிறு குப்பி போன்ற பகுதி இணைந்திருந்தால் அது பெரும்பாலும் கேஸ் நிரப்பியது. உள்ளே நைட்ரஜன் அதிக அழுத்தத்தில் இருக்கும். துளையிடவோ, சூடாக்கவோ கூடாது. பல சாதாரண பைக்குகளில் ஆயில் குழாயே சீல் செய்யப்பட்டிருக்கும்; பழுது பார்க்க வழியில்லை. மாற்றுவதானால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒரே மாதிரி ஓடாது.

கம்ப்யூட்டரோ, பைக்கோ, ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்குள் சக்தி எங்கே தேங்கியிருக்கிறது? விடை தெரியாவிட்டால் கழற்றாதீர்கள்.