பிளாஸ்டிக்கிற்குச் சாயமேற்றல்

வண்டலூரில் யாம் சிலர் கூடிக் குடியிருக்கும் வீட்டில் பழைய மின்கிதார் ஒன்று உளது. எம்முள் ஒருவரின் தமையனார் இக்கல்லூரியிற் பயின்ற காலத்து வாசித்த கருவி அது. வேலையின் பொருட்டு அயலூர் சென்றபோது எம்மிடம் ஒப்படைத்துப் போயினார். ஒருநாள் அது சுவரினின்றும் சரிந்து வீழ்ந்ததில், தந்திகளின் கீழமைந்த பிக்கப் மூடிகள் மூன்றனுள் நடுவில் இருந்தது உடைந்தது. புதிய மூடி இரண்டு வாங்கி, ஒன்றைப் பொருத்தினோம். பழையவை காலத்தாற் பழுத்து நெய்யின் நிறம் எய்தியிருந்தன. புதியதோ சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. முதியவர் வாயிற் கட்டிய பொய்ப்பல்லைப் போல அஃது ஒன்றே கண்ணிற் பட்டது. உரியவரோ பொங்கலுக்கு வருவதாகச் செய்தி விடுத்திருந்தார். அதற்குள் மூன்றையும் ஒருநிறமாக்க முயன்று யாம் கற்றவை பிறர்க்கும் உதவுமென்று கருதி ஈண்டு எழுதலுற்றோம்.

முதற்கண் பூச்சு வேறு, சாயம் வேறு என்பதை உணர்தல் வேண்டும். சந்தனம் தோலின்மேல் நிற்கும், கழுவினாற் போய்விடும். மருதாணியோ தோலினுள் ஊறிச் சிவக்கும். பெயிண்ட் சந்தனத்தை ஒத்தது. வாசிப்போரின் விரலும் வியர்வையும் ஓயாது படும் இடத்தில் அது சில திங்களில் உரிந்துபோம். ஆதலின் யாம் மருதாணியின் வழியையே நாடினோம். ஆயினும் சாயம் தானே எதனுள்ளும் புகுவதில்லை. சோழமண்டலக் கரையின் சாயக்காரர் சாயவேரின் சிவப்பைப் பருத்தியிற் பற்றச் செய்தற்குப் படிகாரத்தைத் துணைக்கொண்டனர். பருத்திக்குப் படிகாரம் எப்படியோ, பிளாஸ்டிக்கிற்கு வெப்பம் அப்படி.

பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளன்று. பல பொருள்களுக்குரிய பொதுப்பெயர். இசைக்கருவியில் அது புகுந்த வரலாறு பெரும்பாலும் தந்தத்திற்கு மாற்றுத் தேடிய வரலாறாகும். அமெரிக்க நாட்டு ஹயட் என்பார் பில்லியர்டு ஆட்டப் பந்துகளுக்குத் தந்தத்தினிடத்தில் வேறொன்று தேடியே 1870-ஐ ஒட்டிச் செல்லுலாய்டை உருவாக்கினார். நம் தஞ்சை வீணையின் கதையும் இதனோடு ஒத்ததே. முன்னாளில் அதன் ஓரங்களைத் தந்தத்தாலும் மான்கொம்பாலும் அணிசெய்தனர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-லும் 1991-லும் செய்த திருத்தங்களால் தந்த வாணிகம் நம் நாட்டில் முற்றும் விலக்கப்பட்டது. இன்று அவ்வணிகள் வெள்ளைப் பிளாஸ்டிக்கால் ஆகின்றன. மூன்று பிக்கப்புகளையுடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் மின்கிதார் 1954-இல் வெளிவந்தபோது, அதன் மூடிகளும் குமிழ்களும் வெள்ளைப் பிளாஸ்டிக்கால் ஆனவையே. அவை ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளித்தன. அம்முதுமையின் நிறத்தையே விரும்புவோர்க்கென இப்போது தொழிற்சாலையிலேயே பழுப்பேற்றிய மூடிகளையும் விற்கின்றனர்.

இனிச் சாயத்தின் இயல்பைக் காண்போம். பிளாஸ்டிக்கின் உள்ளே நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் பின்னிக் கிடக்கின்றன. சூடேறுந்தோறும் அவை சற்றே நெகிழ, இடையிற் சிறு வழிகள் தோன்றும். நீரில் எளிதிற் கரையாத நுண்ணிய சாயமூலக்கூறுகள் அவ்வழியே புகுந்து தங்கும். ஆறியபின் வழிகள் மூடிக்கொள்ளச் சாயம் உள்ளே சிறைப்படும். இவ்வினைக்குரியது டிஸ்பெர்ஸ் சாயம் என்பது. 1920-களில் அசிட்டேட் என்னும் செயற்கை இழைக்கெனக் கண்டறியப்பட்டது. இன்று பாலியெஸ்டர் துணிகள் பெரும்பாலும் இச்சாயத்தாலேயே நிறம் பெறுகின்றன. பருத்திக்குரிய சாயத்தை வாங்கிப் பிளாஸ்டிக்கிற்கு இட்டாற் பயனில்லை.

எப்பிளாஸ்டிக் இச்சாயத்தை ஏற்கும்? ஏ.பி.எஸ். என்பது ஏற்கும், இக்காலத்துப் பிக்கப் மூடிகள் பல இதனாலாயவை. நைலான், பட்டையும் கம்பளியையும் ஒத்த வேதியமைப்பு உடையதாகலின், அவற்றிற்கு இடும் அமிலச் சாயத்தையும் ஏற்கும். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் என்னும் இரண்டும் பெரும்பாலும் ஏற்கா. இவற்றைப் பிரித்தறிய எளியதோர் வழி உண்டு: தண்ணீரில் இடுக. பின்னிரண்டும் மிதக்கும், ஏ.பி.எஸ்., நைலான், பி.வி.சி. ஆகியன அமிழும். மிதக்கும் பொருளுக்குச் சாயமிட முயலுதல் வீண்வேலை.

அமிழ்ந்தவை யாவும் தக்கவை என்றும் கொள்ளற்க. கிதாரின் முகப்பில் உள்ள அகன்ற காப்புத்தகடு பெரும்பாலும் அடுக்கடுக்காய் ஒட்டிய பி.வி.சி.யால் ஆயது. அது 80 பாகை சென்டிகிரேடை ஒட்டியே இளகி வளையும். அதனை வெந்நீரில் இடாது விடுவதே நன்று. கரிய பொருளை வெள்ளையாக்கலும் இவ்வழியால் ஆகாது. சாயம் வெளிறியதை அடர்த்தியாக்குமேயன்றி, அடர்ந்ததை வெளிறச் செய்யாது.

யாம் செய்த முறை வருமாறு. தந்திகளைத் தளர்த்தித் திருகாணிகளைக் கழற்றி, உள்ளிருக்கும் மெல்லிய கம்பிகள் இழுபடாவண்ணம் மூடியை மட்டும் எடுத்தோம். கைபட்ட எண்ணெய்ப்பசை போகச் சோப்பு நீரில் கழுவினோம். இனிச் சமையலுக்கு எடுப்பதில்லை என்று ஒதுக்கிய எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் குடிநீர் வார்த்தோம். எம் கிணற்று நீர் உப்புடையதாகலின் அதனை விலக்கினோம். மஞ்சள்நிற டிஸ்பெர்ஸ் சாயம் ஒரு சிட்டிகையும், பழுப்புநிறம் அதனிற் பாதியும், பாத்திரம் தேய்க்கும் திரவம் சில துளிகளும் கலந்தோம். கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, நீரை 80 பாகை அளவிலேயே நிறுத்தினோம். மூடியைக் கம்பியிற் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாதபடி தொங்கவிட்டோம். இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை எடுத்துக் கழுவித் துடைத்துப் பழைய மூடியோடு ஒப்பிட்டோம். நிறம் சற்றுக் குறைந்திருக்கும்போதே நிறுத்துக. மிகுந்தபின் மீட்டல் அரிது.

இம்முறையை யாம் எளிதிற் கண்டோமல்லோம். முதன்முறை தேயிலை நீரில் ஊறவைத்தோம். நைலானில் நன்கு பற்றும் தேயிலைக்கறை, ஏ.பி.எஸ். மேல் மெல்லிய நிழலாகவே படிந்து, தேய்த்தவுடன் போயிற்று. இரண்டாம் முறை பொறுமையிழந்து, சோதனைக்கென வைத்திருந்த மூடியையும் வெண்குமிழ் ஒன்றையும் கொதிக்கும் சாயநீரில் இட்டு மூடிவைத்தோம். ஏ.பி.எஸ். இளகும் நிலை 100 பாகையை ஒட்டியது. பாத்திரத்தின் அடியோ நீரினும் சூடுடையது. மூடி கோணிற்று, குமிழின் துளை நீண்டு, தண்டில் நில்லாமற் போயிற்று. நிறமென்னவோ மிக நன்றாகவே ஏறியிருந்தது.

ஈண்டு ஒன்றை வற்புறுத்திக் கூறுதல் எம் கடமை. சாயநீரில் அசிட்டோன் கலந்தால் நிறம் விரைந்து ஏறுமென்று சிலர் உரைப்பர். அது பிளாஸ்டிக்கை இளக்கும் திரவமாகலின் அக்கூற்று பொய்யன்று. ஆனால் அசிட்டோன் 56 பாகையிற் கொதிப்பது. அதன் ஆவி பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகையை ஒட்டிய குளிரிலும் தீப்பற்றவல்லது. எரிவாயு அடுப்பின்மேல் அதனைச் சூடாக்குதல், ஒரு மூடியின் நிறத்திற்காக வீட்டையே பணயம் வைத்தலாம். விடுதி அறையிலோ சமையலறையிலோ எவரும் இதனைச் செய்யற்க.

மூன்றாம் முறை நிறம் பொருந்திற்று. இரவில் விளக்கொளியிற் பார்த்தபோது எது புதியது எது பழையது என எமக்கே விளங்கவில்லை. பொங்கலுக்கு வந்த தமையனாரோ கருவியை முற்றத்து வெயிலிற் பிடித்தவுடன் நடுமூடியைச் சுட்டி, “இது எப்போது உடைந்தது?” என்றார். ஒரு நிறத்தை இருவேறு சாயங்களால் ஆக்கினால், ஓரொளியில் ஒத்துத் தோன்றுவன மற்றோரொளியில் வேறுபடும் என்பது ஒளிநூலார் கண்ட உண்மை. காலம் ஏற்றிய மஞ்சளும் யாம் ஏற்றிய மஞ்சளும் வெவ்வேறாதலின், விளக்கு மறைத்ததை வெயில் காட்டிவிட்டது. நிகழ்ந்ததை உள்ளவாறு கூறி, எடுத்துவைத்திருந்த உடைந்த துண்டுகளையும் அவர்முன் வைத்தோம். அவர் நகைத்து, கோணிய குமிழையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஊர் திரும்பும்போது கிதாரை மறுபடியும் எம்மிடமே விட்டுச் சென்றார்.

ஆகவே, சாயமிட விழையும் மாணவ நண்பர்கள் முதலிற் பொருளை அறிக. பின்னர் வெப்பத்தை அளவிற் கொள்க. ஒப்பிடுங்கால் பகலொளியிலும் ஒப்பிடுக. உடைந்ததைச் சாயத்தால் மறைக்கலாமென்று மட்டும் எண்ணற்க.