வடதுருவக் கடலில் சென்னையின் கருவி

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், பனியாறு குடைந்து நிலத்துக்குள் நீண்ட குறுகிய கடற்கையான கோங்ஸ்ஃபியோர்டனில், 2014 ஜூலையில் ஏறத்தாழ 190 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிடப்பட்ட ‘இண்டார்க்’, சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த ஆய்வுக் கருவியாகும். கீழே எடையும் மேலே மிதவைகளும் இழுத்துப் பிடிக்க விறைத்து நிற்கும் வடத்தில் பூட்டப்பட்ட உணரிகள், நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும், சூரியனே எழாத மாதங்களிலும் பதிவு செய்கின்றன. அட்லாண்டிக்கின் வெதுநீர் உட்புகுவதால் 2006க்குப் பின் இங்கு குளிர்காலக் கடற்பனி வெகுவாகக் குறைந்துள்ளது. வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பனி மறைந்த இடத்தில் கருநீர் அவ்வெப்பத்தை உறிஞ்ச, உருகல் மேலும் விரைகிறது. மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் உயர்வதில்லை (பலரும் மாறாகவே எண்ணுகின்றனர்). கிரீன்லாந்தின் நிலப்பனி உருகும்போது உயர்கிறது, அவ்வாறு உயர்ந்த கடலின் முன் சென்னைப் புறநகரான வானகரத்தைக் கடந்து செல்லும் கூவம் ஆற்றின் வெள்ளம் முகத்துவாரத்தில் வடியத் தாமதமாகும்.