மழையை அறியும் கண்ணாடியும் ஒரு வியாபாரப் பாடமும்

மழை பெய்தால் தானாக ஓடும் வைப்பர், இருட்டினால் தானாக எரியும் லைட் என்பன இன்று பல வாகனங்களில் உள்ளன. உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பதால், இவை எப்படி வேலை செய்கின்றன என்று என்னிடம் பலரும் கேட்பதுண்டு.

விடயம் அப்படிச் சிக்கலானதல்ல. முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒரு சிறு பெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர் சாய்வாகக் கண்ணாடிக்குள் பாய்கிறது. கண்ணாடி காய்ந்திருந்தால் கதிர் தெறித்துத் திரும்பி வரும். வெளியே நீர்த்துளி இருந்தால் ஒரு பகுதி அதன் வழியே வெளியேறிவிடும். திரும்பும் ஒளி எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப வைப்பர் ஓடும். லைட்டுக்கு வெளிச்சத்தை அளக்கும் உணரி உண்டு. பாலத்தின் நிழலைக் கடக்கும்போதெல்லாம் எரிந்து அணையாதிருக்கச் சிறிது தாமதமும் வைத்திருக்கிறார்கள்.

இந்த யோசனை புதியதல்ல. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் 1951இல் காட்டிய லீ சேபர் என்ற மாதிரிக் கார், மழைத்துளி பட்டதும் தன் கூரையைத் தானே மூடிக்கொண்டது. எதிரே வாகனம் வந்தால் லைட்டைத் தாழ்த்தும் மின்கண்ணை அதே நிறுவனம் 1952இல் விற்பனைக்கு விட்டது.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியவர் ரொபர்ட் கேர்ன்ஸ். விட்டுவிட்டு ஓடும் மின்னணு வைப்பரைக் கண்டுபிடித்த இவர், 1964இல் ஆக்கவுரிமைக்கு, அதாவது பேடன்டுக்கு விண்ணப்பித்தார். பின்னர் தம் அனுமதியின்றி அது பயன்படுத்தப்பட்டதாக 1978இல் ஃபோர்ட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். உரிமை மீறப்பட்டதாக 1990இல் தீர்ப்பு வந்தது. ஃபோர்ட் 10.2 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கை முடித்தது. பணம் கிடைத்தது, ஆனால் பன்னிரண்டு வருடங்கள் போயின. கையில் அந்தப் பத்திரம் இல்லாதிருந்தால் அதுவும் கிடைத்திராது.

நமது கராஜ்களில் மூளையுள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், புதிய கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருட ஆக்கவுரிமை தருகிறது. எதையும் பெரிய கம்பனிக்குக் காட்டுவதற்கு முன் விண்ணப்பத்தைப் போடுங்கள்.

வாகனம் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை: முன்கண்ணாடி மாற்றும்போது உணரிக்குப் பொருத்தமான கண்ணாடிதானா என்று கேளுங்கள். உணரிக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்றுக்குமிழி நின்றாலும் வைப்பர் கோளாறாக ஓடும். மலிவு பார்த்துப் பொருத்தினால் இரட்டைச் செலவு.